வால்வு ஒன்னுக்கு இவ்ளோ அலைச்சலா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

இந்த வெயில்ல ஹீட்டர் எதுக்குன்னு கேக்காதீங்க, முப்பது வருசம் ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டின அம்மாவுக்கு முட்டிவலி, சுடுதண்ணி இல்லாம முடியாது. தொட்டி ஹீட்டர்ல பிரஷர் வால்வு ஒழுகுது, ராத்திரி பூரா சொட்டு சொட்டுன்னு சத்தம், சுங்கை சிப்புட்ல மூணு ஹார்ட்வேர் கடை ஏறி இறங்கிட்டேன், "ஸ்பேர் இல்லலா, புது ஹீட்டரே வாங்கு"ங்கிறாரு கடை முதலாளி தவுக்கே. பைப் வேலை செய்ற தம்பி ஒருத்தன் ஓட்டைய அடைச்சிடலாம் அங்கிள்ங்கிறான்! சூடேறினா தண்ணி விரியும், அழுத்தம் வெளியேற வழியில்லன்னா தொட்டியே வெடிச்சிரும், அதுக்குத்தானே அந்த வால்வே இருக்கு.

கடைசில ஈப்போ போய்த்தான் கிடைச்சது. போறவங்க பழசைக் கையோட எடுத்துட்டுப் போங்க, அரை இஞ்ச் மரைன்னு பேருதான், அளந்தா வெளிவிட்டம் 21 மில்லிமீட்டர் கிட்ட வருது, மேல பொறிச்சிருக்கிற பார்ங்கிற அழுத்த அளவும் ஒத்துப்போகணும். ஹீட்டர் விக்கிற கடைங்க நாலு வால்வு வாங்கி வச்சா என்னவாம்?

வாசகர், சுங்கை சிப்புட்