வாய் திறக்காத பாம்பு

ஆசிரியருக்கு வணக்கம்.

வளர்ப்புப் பாம்பு இரையைத் தொடாவிட்டால், சிலர் வாயைப் பிளந்து ஊட்டப் பார்க்கிறார்கள். வேண்டவே வேண்டாம், வாய் புண்ணாகும், விழுங்கியதையும் கக்கிவிடும். முதலில் வெப்பமானியைப் பாருங்கள். பந்து மலைப்பாம்புக்குக் கூண்டின் சூடான பக்கம் 31–32 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும்; குளிர்ந்தால் பசி எடுக்காது, தின்றதும் செரிக்காது. கண் பால்போல் மங்கியிருந்தால் சட்டை உரிக்கப் போகிறது, பொறுத்திருங்கள்.

உறைந்த எலியைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் இரவு முழுக்க இளகவிட்டு, பையிலிட்டு வெந்நீரில் 38 டிகிரிக்குச் சூடாக்கி, இருட்டிய பின் நீண்ட இடுக்கியால் காட்டுங்கள். உதட்டுக் குழிகளால் வெப்பத்தை உணரும் பாம்புக்கு, ஆறிய எலி பல நேரம் இரையாகவே தெரியாது. மைக்ரோவேவில் வைத்தால் எலியின் வயிறு வெடிக்கும்! மறுத்தால் ஒரு வாரம் கையில் எடுக்காதீர்கள். எடை 10 சதவீதம் குறைந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

– ஊர்வன வளர்ப்போர் சிலர்