கிஸ்தியும் விவசாயியின் கதைதான்

ஆசிரியருக்கு, நூறு ஆண்டுகளுக்கு முந்தைய கொங்கு விவசாயக் குடும்பங்களைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். கம்பங்கூழ், கூட்டுக்குடும்பம், மாட்டுப்பொங்கல் எல்லாம் சரி. கடன் எங்கே? விவசாயியே அரசுக்கு நேரடியாக வரி கட்டிய ரயத்துவாரி முறையில், கிஸ்தி எனும் நிலவரியைத் தானியமாக அல்ல, பணமாகவே செலுத்த வேண்டியிருந்தது. விளைச்சல் குறைந்த ஆண்டுகளில் பலருக்கும் வட்டிக்கு வாங்குவதே வழியாக இருந்தது. விவசாயிகளின் கடன் தொல்லைக்காகவே 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் அந்தக் காலத்தைப் பொற்காலம் என்பது வேடிக்கை.

பல்லடம் பக்கத்தில் எங்கள் பூர்வீக வீட்டு மரப்பெட்டியில், கிணற்றுப் பூமியை அடமானம் வைத்து என் பூட்டனார் எழுதிக்கொடுத்த பத்திரம் இருக்கிறது. காரணமாகக் குறித்திருப்பது கிஸ்தி பாக்கி. விடியும் முன்பே கவலை (எருதுகளை வைத்துக் கிணற்று நீர் இறைக்கும் அமைப்பு) பூட்டி, தோல் தும்பி (நீர் வெளியேறும் குழாய்) வைத்த சாலில் இறைத்த தண்ணீரில்தான் அந்தப் பூமி விளைந்தது. எருதுகளை ஓட்டியவர் அவர்; மடை திருப்பியவர்கள் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும். பத்திரத்தில் அவர்கள் பெயர் இல்லை, உங்கள் கட்டுரையிலும் இல்லை.

இத்தகைய அடமானப் பத்திரங்கள், கிஸ்தி ரசீதுகள் பல வீடுகளில் கரையான் தின்னக் கிடக்கின்றன. வாசகர்களிடம் அவற்றின் படங்களைக் கேட்டு வாங்கி, வாரம் ஒன்றாக விளக்கத்துடன் வெளியிடலாமே.

- ஒரு வாசகர், பல்லடம்