செவலை கண் திறந்துவிட்டது: கைகொடுத்த எல்லோருக்கும் நன்றி

மேலத்தெரு, கீழத்தெரு உறவுகளுக்கும், கால்நடை மருந்தக டாக்டரம்மாவுக்கும் வணக்கம்.

எங்கள் வீட்டுச் செவலைப் பெட்டைக்கோழிக்கு அம்மை போட்டு, இரண்டு கண்ணும் ஒட்டிக்கொண்டு கிடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். இப்போது அது கண் திறந்து, முருங்கை மரத்தடியைக் கிளறிக்கொண்டு திரிகிறது. பார்க்கிற இடத்திலெல்லாம் நீங்கள் "கோழி எப்படி இருக்கு?" என்றுதான் முதலில் கேட்டீர்கள். அப்படிக் கேட்டவர்களுக்குப் போகிற போக்கில் ஒரு வார்த்தை சொல்லி நகர மனம் வரவில்லை.

டாக்டரம்மா, கன்று ஈன முடியாமல் தவித்த மாட்டைப் பார்த்துவிட்டுக் களைத்து வந்த நேரத்தில்தான் நான் கூடையோடு நின்றேன். நாட்டுக்கோழிதானே என்று நீங்கள் ஒதுக்கவில்லை. அலகைத் திறந்து, நாக்கின் அடி வரைக்கும் டார்ச் அடித்துப் பார்த்தீர்கள். கொண்டையிலும் தாடியிலும் கொப்புளம் வந்தால் தேறிவிடும், வாய்க்குள் மஞ்சளாகப் படலம் கட்டினால்தான் மூச்சடைத்துப் போகும் என்று அப்போது விளக்கினீர்கள். எங்கள் செவலைக்கு வாய் சுத்தமாக இருந்தது. இது வைரஸ், இதைக் கொல்ல மருந்து கிடையாது, பொருக்கு தானாக உதிர மூன்று நாலு வாரம் ஆகும், அதுவரை பட்டினி கிடக்காமல் பார்த்துக்கொண்டால் பிழைக்கும் என்று ஒளிக்காமல் சொன்னீர்கள். அந்தத் தெளிவுதான் எனக்குத் தைரியம் தந்தது. அம்மை வந்து சாகிற கோழிகளில் பல, நோயால் சாவதில்லை. கண் தெரியாமல், இரை எடுக்க முடியாமல்தான் சாகின்றன என்று நினைக்கிறேன். கண்ணுக்குக் களிம்பும் கொடுத்து, தண்ணீர் புகட்டும் விதத்தையும் செய்து காட்டினீர்கள். நாக்கு முடிகிற இடத்துக்குப் பின்னாலேயே மூச்சுக்குழல் வாய் இருக்கிறது, நேராகத் தொண்டைக்குள் ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும், அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டால் அதுவே விழுங்கும். இதை ஊரில் கோழி வளர்க்கிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இங்கே எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டு அப்பத்தாவுக்கு என்ன கைம்மாறு செய்வேன்! வேப்பங்கொழுந்து, துளசி, மஞ்சள், பூண்டு, சீரகம் எல்லாம் வைத்து அம்மியில் அரைத்து, காலையிலும் மாலையிலும் கொண்டுவந்து கொடுத்தார். டாக்டரம்மாவிடம் கேட்டபோது, கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மூலிகை வைத்தியக் குறிப்பிலும் இதே சரக்குகள் உண்டு, கண்ணில் படாமல் தடவுங்கள் என்றார். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்துக் கண்ணை ஊறவைத்துத் துடைப்பது என் வேலை. பொருக்கைப் பிய்க்கக் கூடாது. பிய்த்தால் ரத்தம் வரும், உதிர்ந்த பொருக்கிலிருந்து மற்றக் கோழிகளுக்கும் பரவும். துடைத்த பஞ்சையெல்லாம் அடுப்பில் போட்டுவிடுவோம். கம்பு மாவில் முருங்கைக்கீரையைப் பிசைந்து, சுண்டைக்காய் அளவு உருட்டி ஊட்டுவோம். அப்பத்தா கோழியை மடியில் வைத்துக்கொள்வார். அந்த மடியில் அது திமிறவே திமிறாது.

கீழத்தெருத் தம்பி, ஆறாம் வகுப்புப் படிக்கிறவன், கரையான் பிடித்துத் தந்தான். பழைய கலயத்தில் காய்ந்த சாணியும் ஓலைத் துண்டும் கிழிந்த சாக்கும் திணித்து, தண்ணீர் தெளித்து, புற்று ஓரமாகக் கவிழ்த்து வைத்துவிட்டு வருவான். விடிந்ததும் போய் எடுத்தால் கலயம் முழுக்கக் கரையான். மாவு உருண்டையை விழுங்க மறுத்த நாட்களிலும் கரையானை மட்டும் செவலை தானாகக் கொத்தியது. ஒரு கண் லேசாகத் திறந்ததை முதலில் கண்டுபிடித்தவனும் அவன்தான். தம்பி, அடுத்த அடையில் பொரிக்கிற குஞ்சுகளில் உனக்குப் பிடித்ததை நீயே எடுத்துக்கொள்.

தெருவுக்கே சேர்த்துச் சொல்ல வேண்டிய நன்றி ஒன்று உண்டு. அம்மையை ஒரு கோழியிடமிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் கொசு. மழைக்காலத்தில் இது தலைதூக்குவது அதனால்தான். பிப்ரவரி முகாமில் நாம் போடுவது வெள்ளைக்கழிச்சல் எனும் ராணிக்கெட் நோய்க்கான ஊசி. அது அம்மையைத் தடுக்காது. அம்மைக்குத் தனியாக இறக்கைச் சவ்வில் குத்த வேண்டும். கிடைத்த குப்பியோ நூறு கோழிக்கானது, கலக்கிவிட்டால் சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். ஒரு வீட்டுக்காக அதை உடைக்க முடியுமா? நான் வாய் திறந்து கேட்பதற்குள், சாயங்காலம் அடைந்த கோழிகளை விடியலில் திறந்துவிடாமல் பிடித்து, கூடை கூடையாகக் கோயில் திடலுக்குக் கொண்டுவந்தீர்கள். ஃபிளாஸ்க்கில் ஐஸ் போட்டு மருந்தைப் பத்திரமாகக் கொண்டுவந்த பால்கார அண்ணனுக்கும், இருமிக்கொண்டும் தூங்கி விழுந்துகொண்டும் இருந்த கோழிகளைத் தனியே பிரித்து, நல்ல கோழிகளுக்கு மட்டும் ஊசி போட்ட கால்நடை ஆய்வாளர் ஐயாவுக்கும் நன்றி. பத்து நாள் கழித்து, குத்திய இடத்தில் சின்னப் பொருக்கு தட்டியிருக்கிறதா என்று வீடு வீடாகப் பார்த்தோம். தட்டியிருந்தால் மருந்து பிடித்துவிட்டது என்று பொருள். அநேகமாக எல்லாவற்றுக்கும் பிடித்திருந்தது.

கொட்டிலுக்குப் பின்னால் தேங்கிக் கிடந்த வாய்க்காலைத் தூர்வாரிய தூய்மைப் பணியாளர்களையும் மறக்க மாட்டேன். சொன்ன மறுநாளே வந்தார்கள். பொழுது சாய்ந்ததும் கொசுவை விரட்டப் புகைமூட்டம் போட நொச்சித் தழை ஒடித்துத் தந்த வயக்காட்டு மாமாவுக்கும் நன்றி.

"குழம்பு வைத்துவிட்டால் தீர்ந்தது" என்று சொன்னவர்கள் மீதும் எனக்கு வருத்தமில்லை. ஆனால் இந்தச் செவலை இட்ட முட்டையில் வந்தவைதான் என் கொட்டிலில் பாதி. சிறிய உடம்புள்ள சிறுவிடை நாட்டுக்கோழிதான் என்றாலும், பருந்து நிழல் தரையில் விழுந்தாலே குஞ்சுகளை இறக்கைக்குள் சேர்த்துக்கொண்டு சீறி நிற்கும். அப்படிப்பட்டதை நோயோடு விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை, உங்களுக்கும் வரவில்லை.

மேலத்தெரு அக்காவுக்கு ஒரு செய்தி. நீங்கள் இரவல் கொடுத்த மூங்கில் பஞ்சாரத்தில்தான் (கோழியைக் கவிழ்த்து மூடும் கூடை) செவலையைத் தனியே அடைத்து வைத்திருந்தேன். அம்மைக் கிருமி உதிர்ந்த பொருக்கில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்குமாம். மூங்கில் இடுக்கை எவ்வளவு கழுவினாலும் நம்ப முடியாது. அதனால் அதை எரித்துவிட்டேன். வருகிற சந்தையில் புதுப் பஞ்சாரம் வாங்கி, வீட்டிலேயே கொண்டுவந்து தருகிறேன். நீங்கள் அலைய வேண்டாம்.