கப் என்றால் எந்தக் கப்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலிருந்தே பலகாரம் செய்து கொடுப்பவள் நான். உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த ரவை கேக் குறிப்பைப் பற்றித்தான் இந்தக் கடிதம். 'பால் 250 மி.லி., முட்டை 2, ரவை ஒன்றரை கப், சர்க்கரை ஒரு கப்' என்று போட்டிருந்தீர்கள். பாலுக்கு மட்டும் மில்லிலிட்டர், மற்றதற்கெல்லாம் கப். எந்தக் கப்?

கடையில் விற்கிற அளவுக் கப் செட்டுகளில் சிலது 240 மி.லி., சிலது 250. ரைஸ் குக்கரோடு கொடுக்கும் பிளாஸ்டிக் கப் பெரும்பாலும் 180தான் பிடிக்கும். என் மருமகள் எல்லாவற்றுக்கும் அதைத்தான் எடுக்கிறாள். அவள் கணக்கில் ஒன்றரை கப் ரவை 270 மி.லி.; 250 கப்பில் அளந்தால் 375. பால் இரண்டு பேருக்கும் அதே 250தான். ஒருத்தி மாவு தோசை மாவு மாதிரி ஓடும், இன்னொருத்தி மாவு கரண்டியை விட்டு இறங்காது.

எல்லாமே கப் கணக்கில் இருந்தால் நான் வாயே திறக்க மாட்டேன். இட்லிக்கு அரிசி நாலு, உளுந்து ஒன்று என்றால் எந்த டம்ளரில் அளந்தால் என்ன? விகிதம் மாறாது. பாக்கெட் பாலும் முட்டையும் சேரும்போதுதான் வம்பு. கப் சின்னது என்பதற்காக முட்டை சிறுத்துவிடுமா?

வெளிநாட்டுக் குறிப்பைப் பார்த்துப் போடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அமெரிக்கக் கப் ஏறத்தாழ 237 மி.லி., ஆஸ்திரேலியக் கப் 250, ஜப்பானில் 200. ஆஸ்திரேலியாவில் பெரிய ஸ்பூன்கூட 20 மி.லி.; மற்ற பல இடங்களில் 15. பேக்கிங் பவுடர் போடும்போது இது சின்ன வித்தியாசமில்லை.

சமையல் பக்கத்தின் தலைப்புக்குக் கீழே '1 கப் = 250 மி.லி.' என்று ஒரு வரி போட்டால் போதும். 240 என்றாலும் சரி, ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுங்கள். அளவுக் கப் இல்லாதவர்கள் அரை லிட்டர் பால் பாக்கெட்டை வெட்டித் தங்கள் டம்ளரில் ஊற்றிப் பார்க்கலாம்; சரியாக இரண்டு டம்ளர் வந்தால் அது 250.

அப்புறம், எண்ணெயை 'கிராம்' என்று எழுதுவதையும் நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு லிட்டர் எண்ணெய் பாக்கெட்டிலேயே 910 கிராம் என்று அச்சடித்திருக்கிறார்கள்; எண்ணெயில் கிராமும் மில்லிலிட்டரும் ஒன்றில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
விருதுநகர்.