வாடகைக்கு வரம்பு கேட்கும் மகனுக்கு

தம்பி,

வீட்டு வாடகையைப் பற்றி நீங்களெல்லாம் சேர்ந்து எழுதியதாக நீ அனுப்பிய மனுவைப் படித்தேன். கோரிக்கை சரிதான், ஆனால் "வாடகையைக் குறை" என்று மொட்டையாக எழுதியிருக்கிறீர்கள். இப்படிக் கொடுத்தால் எந்த அதிகாரியும் "ஆகட்டும், பார்க்கலாம்" என்று வாங்கி வைத்துக்கொள்வார். எவ்வளவுக்கு மேல் ஏற்றக் கூடாது, ஏற்றினால் யாரிடம் போவது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டாமா?

வாடகைக்கு வரம்பு என்பது வெளிநாட்டுச் சமாசாரம் என்று உன் நண்பர்கள் சொல்கிறார்களாமே. நம் பக்கத்தில் இது பழைய கதை, வீட்டுக்கு முன்னால் நிலத்துக் குத்தகையிலேயே பார்த்தாயிற்று. சாகுபடி செய்தவனை மிராசுதார் நினைத்த நேரத்தில் கிளப்பிவிட்ட தஞ்சாவூர் ஜில்லாவுக்கென்றே 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1956-ல் நியாயக் குத்தகைச் சட்டம். நஞ்சை விளைச்சலில் நூற்றுக்கு 40 பங்குக்கு மேல் நிலக்காரர் கேட்கக் கூடாது என்றார்கள், பிற்பாடு அதையும் 25 ஆக்கினார்கள். ஆனால் களத்தில் நெல் அளக்கும்போது சட்டம் வந்து பக்கத்தில் நிற்குமா? 1969-ல் குத்தகை உரிமையைப் பதிவு செய்யச் சட்டம் வந்ததும் உன் தாத்தா போய்ப் பெயரைப் பதிந்துவிட்டார். அந்த நகல் இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது, மடிப்பெல்லாம் கிழிந்து, ஓரத்தில் எண்ணெய்க் கறையோடு. பக்கத்து வயல்காரர் "ஐயா கோபித்துக்கொள்வார்" என்று பதியாமலே இருந்தார். கொஞ்ச நாளில் அவர் உழுத நிலம் வேறு கைக்குப் போய்விட்டது.

வீட்டு வாடகைக்கும் சட்டம் இருந்தது, 1960-ல் போட்டது. மனை மதிப்பையும் கட்டடச் செலவையும் கூட்டி, குடியிருக்கும் வீடென்றால் அதில் வருஷத்துக்கு 9 சதவீதம்தான் நியாய வாடகை. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் கேஸ் வருஷக்கணக்கில் இழுக்கும். குடிவந்தவர் கிளம்ப மாட்டார் என்று பயந்து வீட்டைப் பூட்டியே போட்டவர்களைக் கும்பகோணத்தில் நானே பார்த்திருக்கிறேன். பம்பாயில் இன்னும் மோசம். 1940-ல் இருந்த வாடகையிலேயே நிறுத்திவிட்டார்கள், ஓனர்கள் ரிப்பேர் பக்கமே போகவில்லை, கட்டடங்கள் இடிந்து விழுந்தன. அதனால் வாடகையை ஏற்றவே விடாமல் அப்படியே நிறுத்தி வை என்று மட்டும் கேட்காதீர்கள்.

அந்தப் பழைய சட்டம் 2019 பிப்ரவரியோடு போய், 2017-ல் போட்ட புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. ஆனால் வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் சரி என்று அதிலேயே ஒரு வால் இருக்கிறது. உன்னிடம் பத்து மாத அட்வான்ஸ் வாங்கியது அந்த வாலைப் பிடித்துக்கொண்டுதான். வாடகைத் தொகைக்கோ வரம்பே இல்லை, இரண்டு பேரும் பேசி முடிவு செய்வதாம். பெட்டியும் கையுமாக வீடு தேடுகிறவன் என்னத்தைப் பேசுவான்?

நாமும் மாடி போர்ஷனை வாடகைக்குத்தான் விட்டிருக்கிறோம், அதனால் ஓனர் பக்கமும் எனக்குத் தெரியும். போன கோடையில் மோட்டார் கருகிப்போனதும் அப்பா ஒரேயடியாக இரண்டாயிரம் ஏற்றப் பார்த்தார். ஐந்நூறு போதும் என்று நான்தான் பிடித்து நிறுத்தினேன். மாடி டீச்சரம்மா அதற்கே இரண்டு நாள் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆக, ஏற்றவே கூடாது என்றால் எங்களைப் போன்றவர்கள் எதிர்ப்பார்கள், வருஷத்துக்கு இத்தனை சதவீதம் என்று சொன்னால் ஒத்துக்கொள்வோம். இன்னொன்று, ஆள் மாறினாலும் அதே கணக்குதான் என்று கட்டாயம் எழுதுங்கள். இல்லாவிட்டால் வாடகையை ஏற்றுவதற்காகவே இருக்கிற ஆளைக் கிளப்பிவிட்டுப் புது ஆளைக் கொண்டுவருவார்கள்.

காலி செய்யும்போது பெயின்ட் என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது, சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்குப் பத்து ரூபாய் வாங்குவது, இதெல்லாம் உங்கள் மனுவில் ஒரு வரிகூட இல்லை. வாடகை ஏறியது தெரியாத மாதிரி ஏறுவது இங்கேதான். அதையும் சேருங்கள்.

அப்புறம், உன் பதினோரு மாத அக்ரிமென்ட் பதிவாகியிருக்கிறதா? போனில் கேட்டதற்கு மழுப்பினாய். ஓனர் கோபித்துக்கொள்வார் என்று நீயே தயங்கினால் எப்படி? இந்த ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்டுவிட்டு எனக்குப் போன் பண்ணு.

அம்மா