வேறொரு சுருள்

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவருடைய கிருபையால் நாங்கள் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. இடையன்குடியில் இன்னும் மழை இல்லை, தேரிக் காற்றுதான் மணலை வாரி அடிக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நீ போனில் அழுதபோது எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. "சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அப்புறம் தூக்கமே வரவில்லை. நாலு வருஷமாக வேலை முடிந்து வந்து ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து எழுதின நாவல், தாத்தா பனையேறின கதை. அதில் இருநூறு பக்கத்தை ஒரே நாளில் அழித்துவிட்டேன் என்கிறாய். "ஜெபம் பண்ணியும் ஒரு வரி வரலையேம்மா, இது ஆண்டவருக்கே பிடிக்கலையோ" என்று கேட்டாய். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நாவலில் நீ தாத்தாவோடு மரத்தில் ஏறிவிட்டாய். கீழே விடிலியில், பதனீர் காய்ச்சுகிற குடிசையில், அடுப்புக்கு முன்னால் இருந்தது ஆச்சி. எனக்குப் பத்து வயது இருக்கும்போது நடந்ததைச் சொல்கிறேன். கலயத்தில் சுண்ணாம்பு சரியாகத் தடவாவிட்டால் பதனீர் புளித்துவிடும். புளித்தது கொஞ்சம் கலந்துவிட்டாலும் போதும், எவ்வளவு காய்ச்சினாலும் கருப்பட்டி இறுகாது. அன்றைக்கு அப்படித்தான் ஆனது. காலையிலிருந்து ஓலையும் மட்டையும் போட்டு எரித்தாள். பொங்கி வந்தபோது ஆமணக்கு முத்தை நசுக்கிப் போட்டு அடக்கினாள். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்த்தாள். உருளவில்லை. இன்னும் எரித்தாள். கடைசியில் சிரட்டைகளில் ஊற்றிவிட்டு வெகுநேரம் காத்திருந்தாள். தட்டிப் பார்த்தால் களி மாதிரி ஒட்டிக்கொண்டு வருகிறது. ஒரு நாள் உழைப்பு, தாத்தா உயிரைக் கொடுத்து இறக்கின பதனீர். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் பயந்துபோய்ப் பக்கத்தில் நின்றேன்.

அப்புறம் எழுந்தாள். ஒவ்வொரு சிரட்டையாகச் சுரண்டி, கழுவி, மணலில் வரிசையாகக் கவிழ்த்து வைத்தாள். மறுநாள் விடியுமுன்னே கலயங்களை அவளே எடுத்துவைத்துச் சுண்ணாம்பு தடவினாள். அடுப்பு மூட்டுமுன் கண்ணை மூடி நின்றாள். என்ன ஜெபம் பண்ணினாய் என்று கேட்டேன். "விறகு நனையாமல் இருக்கணும்னு" என்றாள்.

அந்தப் பதில் இத்தனை வருஷமும் எனக்குள்ளேயே இருக்கிறது. கருப்பட்டி நன்றாக வரணும் என்று அவள் கேட்கவில்லை. நீயும் நாவல் முழுவதையும் ஒரே ஜெபத்தில் கேட்காதே பிள்ளே. இன்றைக்கு அரை மணி நேரம் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் இருக்கக் கிருபை கேள். நாளைக்கு மறுபடியும் அதையே கேள்.

வேதத்தில் எரேமியா 36-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசி. எரேமியா தீர்க்கதரிசி சொல்லச் சொல்ல, அவருக்கு எழுத்து வேலை பார்த்த பாருக்கு என்பவன் சுருளில் எழுதினான். அந்தச் சுருள் ராஜாவிடம் போனது. குளிர்காலம், முன்னால் கணப்பில் நெருப்பு. மூன்று நாலு பத்தி வாசித்ததும் ராஜா சூரிக்கத்தியால் அறுத்து அறுத்து நெருப்பில் போட்டான், முழுச் சுருளும் வேகும்வரைக்கும். அதற்குப் பிறகு கர்த்தர் எரேமியாவிடம் சொன்னது, வேறொரு சுருளை எடுத்து முன்பு இருந்ததை எல்லாம் எழுது என்பதுதான். பாருக்கு மறுபடி உட்கார்ந்து எழுதினான். முதல் சுருளில் இல்லாத அநேக வார்த்தைகளும் அதில் சேர்ந்தன. இந்தக் கடைசி வசனத்தை நான் பென்சிலால் கோடிட்டு வைத்திருக்கிறேன். எரிந்துபோனதைவிட இரண்டாவது சுருள்தான் பெரியது.

இதே பாருக்கு 45-ஆம் அதிகாரத்தில் புலம்புகிறான், இளைத்துப்போனேன், இளைப்பாறுதல் இல்லை என்று. ஐந்தே வசனம். வேதத்தை எழுதின கையே அப்படிச் சோர்ந்துபோயிருக்கிறது. அதற்காகக் கர்த்தர் அவனைத் தள்ளிவிடவில்லை. உனக்குப் பெரிய காரியங்களைத் தேடாதே என்றார், போகிற இடமெல்லாம் உயிரைக் காப்பேன் என்றார். முன்பெல்லாம் அந்த வசனம் எனக்குக் கடுமையாகத் தெரியும். இப்போது அப்படி இல்லை. ஊர் மெச்ச வேண்டும் என்கிற பாரத்தை அவன் தோளிலிருந்து இறக்கி வைக்கிறார் என்றுதான் படுகிறது. உன் தோளிலும் அது கொஞ்சம் இருக்கிறதோ என்று பார்.

நம் கோயிலுக்கே 1847-ல் வேலை தொடங்கி, பிரதிஷ்டை 1880-ல். 33 வருஷம். சின்ன வயதில் நீ உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து பார்ப்பாய். நான் அந்தச் சுவர் பாதியில் நின்ற வருஷங்களைத்தான் யோசிப்பேன். அந்தக் காலத்துக்குள்ளேதான், அந்தக் கோயிலைக் கட்டின கால்டுவெல் ஐயரின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணமும் 1856-ல் வந்தது. வந்ததோடு விட்டாரா? அதே புத்தகத்தைத் திருத்தி விரித்து 1875-ல் மறுபடியும் கொண்டுவந்தார். இந்தத் தேரி மணலில், இந்த வெயிலில்.

அழித்த பக்கங்களைத் தேடி மனசைப் புண்ணாக்கிக்கொள்ளாதே. ஞாபகம் இருப்பதிலிருந்து எழுது. ஜெபத்தில் வார்த்தை வராத நாளில் பரமண்டல ஜெபத்தை மட்டும் சொல்லு, போதும். நான் எப்போதும்போல் காலையில் நாலரை மணிக்கு உனக்காக முழங்காலில் இருப்பேன்.

அப்பா பார்சலில் பத்துக் கருப்பட்டி அனுப்புகிறார். சுக்கும் வைத்திருக்கிறேன், ராத்திரி கண் விழித்தால் போட்டுக் குடி.

ஆச்சி சிரட்டைகளை மணலில் கவிழ்த்து வைத்ததை உன் நாவலில் எங்காவது சேர்க்க முடிந்தால் சேர். விடிலியைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேள், எந்த ராத்திரியானாலும் கூப்பிடு. எந்தப் பாட்டைப் பாடிக்கொண்டு அடுப்பு ஊதுவாள் என்பது வரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

உன் அம்மா