கோவில்பட்டி ஹாக்கி இல்லை அப்பா, இது வேற

டொராண்டோ
4.2.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமா? அம்மாவிடம் முதல் வேலையாகச் சொல்லிவிடுங்கள், மணிக்கட்டு வீக்கம் வற்றிவிட்டது. போனில் பேசினால் "சாப்பிட்டியா, குளிருதா" என்பதிலேயே ஐந்து நிமிடம் ஓடிவிடுகிறது, நீங்களோ "ம்" கொட்டிவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முந்தாநாள் வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்று பார்த்தேன், பார்த்ததிலிருந்து உங்களிடம் சொல்ல வேண்டும் என்றே இருக்கிறது.

ஐஸ் ஹாக்கி. ஹாக்கி என்றதும் உங்களுக்குக் கோவில்பட்டிதான் ஞாபகம் வரும், எனக்கும் இங்கே வரும்வரை அப்படித்தான். இது வேற. தரை முழுக்க உறைந்த பனிக்கட்டி, 200 அடி நீளம், 85 அடி அகலம், காலில் கத்தி மாதிரி இரும்புத் தகடு வைத்த பூட்ஸ். பந்து கிடையாது, மூன்று அங்குல அகலமும் ஓர் அங்குலத் தடிமனுமாக ஒரு கறுப்பு ரப்பர் வட்டு, பக் என்பார்கள். எடை 170 கிராம் வரும், கிரிக்கெட் பந்தைவிடக் கொஞ்சம்தான் கூட. அது துள்ளாமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும் என்பதற்காக ஆட்டத்துக்கு முன்னால் உறைய வைத்துவிடுகிறார்கள்.

இங்கே வந்து இரண்டு குளிர்காலம் முடியப் போகிறது. வேலை பார்க்கிற கிடங்கின் கேன்டீன் டிவியில் எப்போதும் இதுதான் ஓடும். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர், பக்கத்துக்கு ஒரு கோல்கீப்பர், இதில் முக்கால் நிமிடத்துக்கு ஒருமுறை ஆட்டம் நிற்காமலேயே உள்ளே இருப்பவன் வெளியே குதிக்கிறான், வெளியே இருப்பவன் உள்ளே குதிக்கிறான், பக் எங்கே இருக்கிறது என்று நான் கண்டுபிடிப்பதற்குள் சிவப்பு விளக்கு எரிந்து எல்லோரும் கத்திவிடுவார்கள். நானும் கூடவே கத்திவிட்டு சாப்பாட்டு டப்பாவை மூடுவேன். இரண்டு வருடமாக இந்த நடிப்புதான்.

எங்கள் சூப்பர்வைசருக்கு அது தெரிந்துதான் இருந்திருக்கிறது. அறுபது வயது மனிதர், இந்த மாகாணத்தின் வடக்குக் கோடியிலிருந்து வந்தவர், வீட்டுக்குப் பின்னாலிருந்த ஏரி உறைந்ததும் அதில் விளையாடியே வளர்ந்தவர். இந்த வருடம் என்.ஹெச்.எல். என்கிற இங்கத்திய பெரிய ஐஸ் ஹாக்கி லீக்கின் ஆல்-ஸ்டார் ஆட்டம் டொராண்டோவில். லீக்கில் உள்ள 32 அணிகளிலிருந்தும் பொறுக்கியெடுத்த ஆட்கள் வருவார்கள். ஆட்டம் சனிக்கிழமை, அதற்கு முந்தின நாள் ராத்திரி ஆட்டம் இல்லாமல் திறமைப் போட்டிகள் மட்டும். அவர் மகளுக்குக் காய்ச்சல், டிக்கெட் ஒன்று மிச்சம், "வா" என்றார். என்ன விலை என்று கேட்டேன், சொல்ல மறுத்துவிட்டார். ரயிலில் யூனியன் ஸ்டேஷன் வந்து இறங்கினால் பக்கத்திலேயே ஸ்கோஷியாபேங்க் அரீனா. இந்த வருடம் குளிர் குறைவு என்று ஊரே பேசிக்கொள்கிறது. எனக்கு அப்படித் தெரியவில்லை.

அப்பா, உள்ளே போய் உட்கார்ந்து கொஞ்ச நேரத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது, இது நம்மூர்ப் பொங்கல் விளையாட்டு. கபடியில் ஒருத்தன் எவ்வளவு பெரிய ஆள் என்று சொல்ல கபடி தெரிந்தவன் வேண்டும். இளவட்டக்கல்லுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டாம், கல் தோளுக்கு ஏறிச்சா இல்லையா, அவ்வளவுதான். இளவட்டக்கல் பார்க்க வடலிவிளைக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் யாரிடமும் விதி கேட்டுக்கொண்டா பார்க்கிறார்கள்? அதே கதைதான். கூட்டமும் குழப்பமுமாக இருக்கிற ஆட்டத்தைப் பிரித்து, வேகம் தனி, அடி தனி, குறி தனி என்று ஒவ்வொரு ஆளாக முன்னால் கொண்டுவந்து காட்டுகிறார்கள். 1990-இல் பிட்ஸ்பர்கில் நடந்த ஆல்-ஸ்டாரில் ஆரம்பித்ததாம் இது.

முதலில் வேகம். ஒரு ஆள், மைதானத்தை ஒரு சுற்று, கடிகாரம். கானர் மெக்டேவிட் என்று ஒருவர், 27 வயது, எட்மண்டன் அணித் தலைவர், ஆனால் வளர்ந்ததெல்லாம் டொராண்டோவுக்கு வடக்கே பக்கத்திலேயே. 13.408 வினாடியில் சுற்றி வந்துவிட்டார். அந்த எண்ணைவிட எனக்குப் பிடித்தது அவர் வளைவில் திரும்பிய விதம். நாமெல்லாம் வளைவு வந்தால் வேகத்தைக் குறைப்போம், அவர் உடம்பை உள்பக்கமாகச் சாய்த்து, ஒரு காலை மறு காலுக்கு மேல் தூக்கிப் போட்டுப் போட்டு, வளைவிலேயே வேகம் பிடிக்கிறார். அந்தத் தகட்டில் அடிப்பக்கம் நடுவில் குழி மாதிரி தீட்டியிருப்பதால் இரண்டு ஓரமும் கூர்மை, சாயும்போது ஒரு ஓரம் பனிக்கட்டியைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும் என்றார் சூப்பர்வைசர். போன மாதம் நகராட்சிக் கட்டிடத்து முன்னால் இருக்கிற இலவச ஐஸ் மைதானத்தில் நான் விழுந்து மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டேனே, அந்த ஓரம் என்னை மட்டும் பிடிக்கவில்லை. என்னை எழுப்பிவிட்டது ஒரு ஆறு வயதுப் பெண் பிள்ளை. இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.

இதே போட்டியில் 2019-இல் சான் ஹோஸேயில் கெண்டல் கோய்ன் ஸ்கோஃபீல்ட் என்ற பெண் ஆண்களோடு ஓடியிருக்கிறார், அதுவரை எந்தப் பெண்ணும் அதில் போட்டியிட்டது கிடையாது. அவருடைய நேரம் 14.346 வினாடி, அன்றைக்கு ஜெயித்த மெக்டேவிட்டுக்கும் அவருக்கும் ஒரு வினாடிகூட வித்தியாசம் இல்லை. அந்த வீடியோவைத் தங்கச்சிக்கு அனுப்பியிருக்கிறேன். பெண்களுக்கென்று இந்த ஜனவரியில்தான் புதிதாக ஒரு தொழில்முறை லீக் ஆரம்பித்திருக்கிறது, வியாழக்கிழமை அவர்களும் இதே இடத்தில் ஒரு காட்சி ஆட்டம் ஆடினார்கள்.

அப்புறம் அடி. இதைத்தான் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பக்கை ஐஸில் வைத்துவிட்டுத் தூரத்திலிருந்து ஓடி வந்து ஒரே அடி, வேகத்தை ரேடார் அளக்கும். மட்டை நேராகப் பக்கில் படும் என்றுதான் நினைத்தேன், இல்லை, பக்குக்குக் கொஞ்சம் பின்னால் ஐஸில் மோதுகிறது, அந்த மோதலில் மட்டை வில் மாதிரி வளைந்து, நிமிரும்போது பக்கை எறிகிறது. கை பலம் பாதி, வில் பாதி. அன்றைக்கு ஜெயித்தவர் கொலராடோ அணியின் கேல் மக்கார், மணிக்கு 102.56 மைல், அதாவது 165 கிலோமீட்டர். ஷோயப் அக்தர் 2003 உலகக் கோப்பையில் போட்ட பந்து 161.3 என்று நீங்கள் எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள், இது அதற்கு மேல். இதையும் சாதாரணம் என்கிறார் சூப்பர்வைசர். ஆறடி ஒன்பது அங்குலத்தில் ஸ்டெனோ ஹாரா என்று ஒரு ஸ்லோவாக்கியாக்காரர் இருந்தாராம், 2012-இல் ஒட்டாவாவில் 108.8 மைல், 175 கிலோமீட்டர். அந்த அடிக்கு எதிரே கோல்கீப்பர் ஒருத்தன் வேலை என்று சம்பளம் வாங்கிக்கொண்டு நிற்கிறான் என்பதை நினைத்தால்தான் வயிறு கலங்குகிறது.

குறி பார்த்து அடிக்கிற போட்டியும் உண்டு, கோலின் நாலு மூலையிலும் நாலு இலக்கு. நம் உறியடி மாதிரி கண்ணைக் கட்டி, தண்ணீர் பீய்ச்சி, கயிற்றை இழுத்துக் கூத்து பண்ணினால் இன்னும் நன்றாக இருக்கும். மெக்டேவிட் நாலையும் 9.158 வினாடியில் அடித்துவிட்டார். பக்கை மட்டையோடு ஒட்ட வைத்த மாதிரி ஓட்டிக்கொண்டு தடைகளுக்கு நடுவே போகிற போட்டியிலும் அவர்தான், கடைசித் தடை ஓட்டத்திலும் அவர்தான். மொத்தம் 12 பேர் மோதி, புள்ளிகளைக் கூட்டி, முதலாவது வருபவருக்குப் பத்து லட்சம் அமெரிக்க டாலர். நம் காசுக்கு எட்டுக் கோடிக்கு மேல் வரும். அதையும் அவரே கொண்டுபோனார். இந்தப் புதிய முறையை வகுக்க யோசனை சொன்னவர்களில் அவரும் ஒருவராம். போட்டியையும் போட்டுக் கொடுத்துப் பரிசையும் தூக்கிக்கொண்டு போனால் நம்மூரில் சும்மா விடுவார்களா என்று கேட்டேன். சூப்பர்வைசர் சிரிக்கவில்லை, "வேற யாராவது இந்த நாலு போட்டியையும் ஜெயிச்சுக் காட்டட்டும்" என்றார்.

ஒன்று சொல்ல மறந்தேன். இவ்வளவு பணம் வைத்தும், புள்ளிகள் எடுப்பதில் இந்த வருடம் லீக்கிலேயே முன்னணியில் இருக்கிற ஒருவர், சின்னச் சின்ன வலைகளுக்குள் பக்கைத் தள்ளுகிற போட்டியில் ஏனோதானோ என்று ஆடினார். கூட்டம் மொத்தமும் 'பூ' என்று கத்தித் தீர்த்துவிட்டது. எனக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது. தோற்றவர்களை யாரும் கத்தவில்லை. வழுக்குமரத்தில் ஏறிச் சறுக்கி விழுகிறவனுக்கு நாமும்தானே கை தட்டுவோம், எண்ணெய் படும் என்று வேட்டியை மடிப்பவனைத்தானே கேலி செய்வோம்.

திரும்பி வரும்போது ரயிலில் இந்த ஆல்-ஸ்டார் எங்கிருந்து வந்தது என்று அவர் ஒரு கதை சொன்னார். 1933 டிசம்பரில் பாஸ்டனில் ஒரு ஆட்டம். டொராண்டோவின் ஏஸ் பெய்லியைப் பாஸ்டனின் எடி ஷோர் பின்னாலிருந்து மோதித் தள்ள, தலை ஐஸில் மோதி மண்டை ஓடு உடைந்துவிட்டது. உயிர் பிழைத்ததே பெரிய விஷயம், ஆட்டம் அதோடு முடிந்தது. அவருக்குப் பணம் திரட்ட 1934 பிப்ரவரி 14 அன்று டொராண்டோவில் மற்ற அணிகளின் நல்ல ஆட்களையெல்லாம் சேர்த்து ஒரு ஆட்டம் வைத்தார்கள். அந்தச் சேர்ப்பில் ஷோரும் இருந்தார். ஆட்டத்துக்கு முன்னால் பெய்லி நடந்து வந்து ஷோருக்குக் கை கொடுத்திருக்கிறார், அரங்கமே எழுந்து நின்றதாம். அன்றைக்கே பெய்லியின் 6-ஆம் எண்ணை இனி யாருக்கும் இல்லை என்று எடுத்து வைத்துவிட்டார்கள், அந்த லீக்கில் அப்படி எடுத்து வைத்த முதல் எண் அது. சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை.

நேற்று நடந்த ஆட்டத்தைப் போனில் பார்த்தேன். பக்கத்துக்கு மூன்று பேர், யாரும் யாரையும் முட்டுவதில்லை, காயம் படக் கூடாதென்று பட்டும் படாமலும் ஆடுகிறார்கள். டொராண்டோவின் ஆஸ்டன் மேத்யூஸ் அணி ஜெயித்தது, ஊருக்குச் சந்தோஷம். எனக்கு வெள்ளிக்கிழமைதான் பெரிது. ஆனால் ஒன்று, நேற்றைய ஆட்டத்தில் மெக்டேவிட் வளைவில் திரும்பியபோது பக் எங்கே போகும் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்தது. இரண்டு வருடத்தில் முதல் தடவை.

நானும் அவருக்குப் பதிலுக்கு ஒரு கதை சொன்னேன். இளவட்டக்கல்லைப் பற்றி, உருண்டைக் கல், பிடிக்க ஒரு இடுக்கு கிடையாது, முழங்காலுக்கு ஏற்றி, நெஞ்சில் அணைத்து, தோளுக்குக் கொண்டுபோய்ப் பின்பக்கம் எறிய வேண்டும், என் அப்பா கல்யாணத்துக்கு முந்தின வருடம் எறிந்தார் என்று. மனிதர் நம்பவே இல்லை. இந்தப் பொங்கலுக்கு மாமா பையன் தூக்கினானா? நெஞ்சு வரையாவது வந்ததா? யாராவது வீடியோ எடுத்திருந்தால் வாங்கி அனுப்புங்கள், நாளைக்கு வேலைக்குப் போனதும் அவர் முதலில் அதைத்தான் கேட்பார்.

பணம் பத்தாம் தேதி அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் மகன்